உடம்புச் சூட்டுக்கு வரும் புகை

தோல் கோட்டு சுத்தம் செய்கிறவருக்கு மூக்கு வேலை செய்யாது என்று ஊருக்குத் தெரிந்தால் பிழைப்பில் மண் விழும். அதனால்தான் வீட்டோடு சேர்ந்த அந்தக் கடையில் கிழவரும் அவர் சம்சாரமும் தவிர வேறு ஆள் கிடையாது. கை வேலை அவருடையது, மோந்து பார்ப்பது அவளுடையது. தின்னரையும் பாலீஷையும் வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அவள் மூக்கோ, பக்கத்து வீட்டில் பால் தீயப் போகிறது என்பதை அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் சொல்லிவிடும். ஆனால் அவளுக்கு இழுப்பு. புகை ஆகாது. லேசாக மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். அதற்கே சில நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

நல்ல கோடையில் ஒரு பஸ் டிரைவர் கறுப்புக் கோட்டு ஒன்றைப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவந்தார். பழைய துணிக் கடையில் வாங்கியதாம். தடித்த தோல், நெருக்கத் தையல், தொடை வரை நீளம்.

"போட்டுப் பாத்தீங்களா?" என்றார் கிழவர்.

"எங்க பெரியவரே போடறது? கிட்ட கொண்டுவந்தாலே கண்ணு எரியுது. குளிர் வர்றதுக்குள்ள இந்தப் புகை நாத்தத்த எடுத்துக் குடுத்தாப் போதும்."

"சிகரெட்டு பிடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

யார் சொன்னதையும் கிழவர் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்பார். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால், பேசி வைத்துக்கொண்டார்கள் என்பார்.

புகை தோலில் அவ்வளவாகத் தங்காது. கோட்டின் உள்துணியிலும் பைகளின் மூலையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கிழவர் உள்துணியைப் பிரித்தெடுத்துப் புதுசு வைத்துத் தைத்தார். தோலை வினிகர் கலந்த தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தார். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும் என்று நிழலில் காற்றாட விட்டார். பிறகு கரியும் சமையல் சோடாவும் கட்டிய மூட்டைகளோடு தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார். எடுத்து எண்ணெய் தடவியதும் பார்க்க ஜோராக இருந்தது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. சும்மா தொங்குகிற கோட்டு ஊரை ஏமாற்றிவிடும். உடம்புச் சூடு ஏறினால்தான் அடியில் பதுங்கிய புகை வெளியே வரும். அதனால் கிழவரே ஒவ்வொரு கோட்டையும் போட்டுப் பொத்தான் மாட்டி, சூடேறும் வரை முக்காலியில் உட்காருவார். அவள் வந்து கழுத்துப் பட்டையில் மூக்கை வைப்பாள்.

அன்றைக்கும் வைத்தாள். நன்றாக இழுத்து மோந்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்க. புதுசு மாதிரி இருக்கு."

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்புவதற்குள் அவள் இருமத் தொடங்கினாள். நிற்காத இருமல். கண்ணில் நீர் கொட்ட, கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"கோட்டுல மிச்சம் இருக்கா?"

"கோட்டுல இல்ல." அவள் கையை நீட்டி அவரைத் தடுத்தாள். "கிட்ட வராதீங்க. உங்க மேல வருது."

அவர் நம்பவில்லை. காலையில் சட்னி உப்பு என்று தான் சொன்ன கோபம் போல என்று நினைத்தார். ஆனால் கோபத்தில் யாருக்கும் உதடு நீலம் பாயாது.

குளித்தார். சோப்பு தேய்ந்துபோகிற மட்டும் தேய்த்துத் திரும்பவும் குளித்தார். அப்புறம் தன்னையே ஒரு கோட்டாக நினைத்துக்கொண்டார். வினிகர் தண்ணீரில் உடம்பைத் துடைத்து, அக்குளில் சோடா தூவி, கரி மூட்டைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு படுத்தார். தலைமுடியை ஒட்ட வெட்டினார். உள்துணியைப் பிரிக்கிற மாதிரி தன்னைப் பிரிக்க முடியவில்லை என்பதுதான் பாக்கி. அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அவளுக்கு நாளுக்கு நாள் கூடியது. முதலில் அடுத்த அறையில் படுத்தாள். பிறகு வாசல் நடையில். அவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் அவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

இன்னொரு தடவை இப்படி வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னார். கிழவர் அந்தத் தடவை இன்னொரு டாக்டரைத் தேடவில்லை.

"தம்பிக்குச் சொல்லி அனுப்பிட்டேன்," என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு. "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போவான்."

"எப்ப திரும்புவ?"

கல்யாணமானதிலிருந்து அவள் அவரைத் தனியே விட்டுப் போனதில்லை. அவர் சமைத்ததை அவரே தின்ன மாட்டார்.

மறுநாள் காலையில் கோட்டு ஆணியில் அப்பாவி மாதிரித் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தான் கோட்டைப் போட்டிருந்த நேரம் அவள் வந்து கழுத்துப் பட்டையருகே முகம் வைத்து மூச்சு இழுத்தாளே, அப்போது இருமவில்லையே. கழற்றிய பிறகுதானே வந்தது.

போட்டார். கழுத்துப் பொத்தானை விட்டு மற்றதையெல்லாம் மாட்டினார். வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

"போயிடுச்சா?" என்றபடி உள்ளே வந்தாள். இன்னும் கிட்ட வந்தாள். நெடுநாள் கழித்து அவர் தோளில் கை வைத்தாள். மார்பு நிறைய மூச்சை இழுத்து விட்டாள்.

அவர் மார்புப் பொத்தான் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மாட்டினார். நின்றது.

ஊரே வெந்துகொண்டிருந்த அந்தக் கோடையில், அந்தத் தடித்த தோலுக்குள் அவருக்கு ஒரு துளி வேர்க்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தம்பி வந்து, அக்கா சிரித்த முகமாக இருப்பதையும் மாமா கோட்டோடு உட்கார்ந்திருப்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு போனான்.

சாயங்காலம் டிரைவர் வந்தார்.

"என்ன பெரியவரே, என் கோட்ட நீங்க போட்டிருக்கீங்க?"

"வேற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க தம்பி. அந்தக் கம்பியில என்னோட சொந்தக் கோட்டு தொங்குது, இதைவிட ஒசத்தி. இதை மட்டும் கேக்காதீங்க."

"ஆசப்பட்டுட்டீங்கன்னு நேரா சொல்லுங்களேன். அதுக்கு எதுக்கு சுத்தி வளைக்கறீங்க?"

"கழட்ட முடியாது தம்பி. கழட்டினா வீட்டுக்குள்ள இருக்கறவளுக்கு மூச்சு முட்டும்."

டிரைவர் விளையாட்டாகத்தான் கையை நீட்டினார். பொத்தான் ஒன்று துளையிலிருந்து கழன்றது. சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம், பிறகு இருமல். டிரைவரின் மூக்குக்கும் அந்தப் புகை எட்டியிருக்க வேண்டும். முகம் வெளுத்துப் படி வரைக்கும் பின்னால் போனார். கிழவர் பொத்தானைத் தடவிப் பிடித்து மாட்டினார். உள்ளே இருமல் நின்றது.

"கடைக்காரன் சொன்னான்," என்றார் டிரைவர், குரலை இறக்கி. "இதை வித்தது ஒரு அம்மாவாம். புருஷன் செத்தப்புறம் வித்திருக்காங்க. அந்த ஆளு வெயில்லயும் இதோடதான் திரிஞ்சானாம். படுக்கையிலயும் கழட்டலயாம். பைத்தியம்னு பேசிக்கிட்டாங்களாம்."

கிழவர் கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்காங்களாம். வயசு ஏகமா ஆச்சு, அந்த ஆளு இருந்தப்பவும் சரி, இப்பவும் சரி, ஒரு இருமல் தும்மல் கிடையாதாம். ஏன் கேக்கறீங்க?"

கிழவர் அதுவரை மாட்டாமல் விட்டிருந்த கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.