கழிவறைக்காக உட்கார்ந்த வீடு

கழிவறையை இடம் மாற்றிய வாரத்தில் அந்த வீடு பின்பக்கமாக அரை அடி இறங்கி உட்கார்ந்தது. சுவரில் கீறல் விழவில்லை, ஜன்னல் கண்ணாடி உடையவில்லை. அடுப்பிலிருந்த பால் மட்டும் ஒரு ஓரமாக வழிந்தது. அதுவும் அந்த வீட்டில் தினமும் வழிகிற பால்தான்.

எல்லாம் டிரில் டீச்சருக்காக. பள்ளி மைதானத்தில் நானூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவர், ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டில் இருந்தார். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, கால் மட்டும் படியென்றால் முடியாது என்றது. கழிவறையோ கொல்லையில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அச்சகத்தில் வேலை பார்த்த தம்பி ஒவ்வொரு தடவையும் அவரைத் தூக்கிப்போய் உட்கார வைத்து, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். டீச்சருக்கு உயிர் போகிற வெட்கம். கூப்பிட வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார். உதடு வெடித்தது, காய்ச்சல் வந்தது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் டாக்டர். அன்றைக்கே தம்பி, அக்கா கட்டிலை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து பிளம்பரைக் கூட்டிவந்தார்.

பிளம்பர் நல்ல மனிதர், ஆனால் அவர் வாயில் நல்ல வார்த்தை வராது. "பீங்கானை எங்க வேணா வைக்கலாம். கழிவு பைப்புக்கு வாட்டம் வேணுமே? செப்டிக் டேங்க் அந்தக் கோடியில இருக்கு. இந்த ரூமை அரை அடி தூக்கினாத்தான் சரிவு கிடைக்கும்" என்றார். அறையைத் தூக்கினால் படி வரும். படி வந்தால் பழைய கதைதான். டேங்கை ஆழமாக்கலாமென்றால் கீழே பாறை. தம்பிக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. "மட்டமாவே போடுங்க, நடக்கிறது நடக்கட்டும்" என்றார். பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டு போட்டார். பைப்பின் மேல் வைத்துப் பார்த்த ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றது. முதலில் ஊற்றிய வாளித் தண்ணீர் பாதி தூரம் போய், மனம் மாறித் திரும்பிவந்து எல்லார் காலையும் நனைத்தது.

"அண்ணி, உங்களைத் தூக்கிட்டுப் போறதுல எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் தம்பி மனைவி.

"எனக்கு இருக்கே" என்றார் டீச்சர். பிறகு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்சுவரைப் பார்த்து, பழைய மைதானக் குரலில், "பின் வரிசை, உட்கார்" என்றார்.

பின் வரிசை உட்கார்ந்தது. சமையலறை, கொல்லை, துவைக்கிற கல், டேங்க் எல்லாம் முணுமுணுக்காமல் இறங்கின. பாறை மட்டும் கொஞ்சம் தயங்கியது. டீச்சர் ஒரு பார்வை பார்த்ததும் அதுவும் இறங்கியது. ரசமட்டத்தில் குமிழி வாசல் பக்கமாக ஓடியது. பிளம்பர் அதைப் பார்த்து, "இப்ப போகும்" என்று சொல்லிவிட்டுச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் வாக்கரைப் பிடித்து மெதுவாக நடந்து உள்ளே போனார். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, ஏதாவது வேணுமா?" என்றார்.

"கதவுகிட்ட நிக்காதே, போடா."

அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கீழே விழுந்த உருளைக்கிழங்கைத் தேட வேண்டியிருக்கவில்லை, சமையலறை மூலையில் போய் எடுத்துக்கொள்ளலாம். தம்பி மகள் வளர்ந்து, கல்யாணமாகி, சமதளமான வீட்டுக்குப் போனதும் ஒரு மாதம் தலைசுற்றித் தவித்தாள். நகராட்சிப் பொறியாளர் வந்து அளந்து பார்த்தார், வீடு சரியாகத்தான் இருக்கிறது, தெருதான் கோணல் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டை ஒரு மாடி உயரம் எழுந்து நிற்கச் சொல்லும்படி டீச்சரிடம் கேட்டுப் பார்த்தார். தன்னிடம் படித்த வீடில்லையே என்று டீச்சர் மறுத்துவிட்டார்.

பல வருஷம் கழித்து வாசல் பக்கமே பாதாளச் சாக்கடை வந்தது. பிளம்பர் பைப்பை முன்பக்கம் திருப்பிக் கொடுத்தார், அந்தக் குறுகிய தூரத்துக்கு வாட்டம் தாராளம். தம்பி மனைவி மெல்லக் கேட்டார்: "அண்ணி, இனிமே வீட்டை எழுந்திரிக்கச் சொல்லலாமே?"

டீச்சர் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துக் கீழே வைத்தார். "கட்டின நாள்லேருந்து நின்னுக்கிட்டே இருந்துச்சு, பாவம். உட்காரட்டும்."

தம்பி மனைவி சரியென்று போய், அடுப்பின் ஒரு காலுக்கு வழக்கம்போல் மரக்கட்டையைச் செருகிக் குழம்பை ஏற்றினார்.