உச்சந்தலைச் சிவப்பு

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. அக்கா போனில் சொன்னாள். அவள் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். நான் கடல் தாண்டி ஒற்றை அறையில் தனியாக இருந்து எழுதிப் பழகுகிறவன். போனை இன்னும் வைக்கவில்லை.

முதல் வரி: 'சன்னல் கண்ணாடியில் தெரிந்த வானத்தை நம்பி அந்தக் குருவி—'

(வேண்டாம். அழகாக இருக்கிறது. குருவியோ அட்டைப்பெட்டிக்குள் மூச்சு வாங்குகிறது.)

2

பார்க்க ஒரே மாதிரி இரண்டு வகைச் சாம்பல் குருவிகள் அங்கே உண்டு. ஒன்று உள்ளூர். அதுவென்றால் ஒரு வாரம் பெட்டியில் வைக்க வேண்டும். லேசாக அடிபட்ட இந்த இறக்கையோடு விட்டால் பூனை பிடித்துவிடும். மற்றது வலசை போகிற வழிப்போக்கன். அதுவென்றால் இப்போதே விட வேண்டும். வாசல் மரத்தில் தங்கியிருக்கும் அதன் கூட்டம் இன்று சாயங்காலம் கிளம்புகிறது.

வழிப்போக்கன் பெயர் செவ்வுச்சி. உச்சந்தலையில், சாம்பலுக்கு அடியில் ஒரு கீற்றுச் சிவப்பு. பயந்தால்தான் தூக்கிக் காட்டும். (பெயர் வைத்தவர் செத்த குருவியின் தலையை விரலால் விலக்கிப் பார்த்திருப்பார். அதற்கு அவசரம் இல்லையே.)

3

அடிபட்டதை எடுத்து வந்தவர் மாமா, அக்காவின் கணவர்.

"எடுக்கும்போதே தலையில செவப்பு பாத்தேன்."

"ரத்தமா, இறகா?"

"பஞ்சால தொடச்சுட்டேனே."

"பஞ்சு எங்க?"

"குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு."

"உங்க சுத்தத்துக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்."

(மாமாமேல் எனக்குச் சந்தேகம். கதைக்கு இவ்வளவு வசதியாக யாராவது துடைப்பார்களா? மனசுக்குள் அவரை நீக்கிப் பார்த்தேன். குருவியைத் தூக்கி வர ஆள் இல்லாமல் போயிற்று.)

"டேய், இருக்கியா? கதை எழுதுறவன்தானே, முடிவச் சொல்லு."

"நீ டாக்டர்க்கா. லேசா இறகை விலக்கிப் பாரேன்."

"கையில பிடிக்கணும்டா. ஏற்கெனவே அரை உசுரு. இன்னொரு தடவை பயந்தா மூச்சு நின்னுடும்."

4

முடிவு அ: பிடித்தாள். சிவப்பு எழுந்தது. விட்டாள், பறந்தது. (இது என் ஆசை.)

முடிவு ஆ: பிடித்தாள். சிவப்பு எழுந்தது. எழுந்தது தாழவே இல்லை.

முடிவு இ: தொடவில்லை. இருட்டியதும் மரம் காலியானது. பெட்டிக்குள் அது தனியாக—

(இதை முடிக்க என்னால் ஆகாது. எனக்குத் தெரிந்த அறை அது.)

5

அங்கே வெயில் இறங்கிவிட்டது. மரத்தில் கூட்டம் இரைவது போனில் கேட்கிறது.

"சீக்கிரம் சொல்லுடா. மூடியில கை வெச்சுட்டேன்."

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், பயந்துவிடப் போகிறது.