சம்புடத்துக் கரித்துணி

நூலை விரலால் தடவிப் பார்த்தே, இது பருத்தி, இது கலப்பு என்று சொல்லிவிடுவாள் என்று அருப்புக்கோட்டையில் சௌடம்மாளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவள் தன் தறியைப் போலவே துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

ஆண்டுதோறும் மாசி மாதத்தில் எட்டுப் பேர் பந்தல்குடியிலிருந்து திருச்சுழிக்குப் பழைய வண்டிப்பாதை வழியே இரண்டு நாள் நடப்பார்கள். தீப்பெட்டி வருவதற்கு முன் வண்டிக்காரர்கள் எதைக் கொண்டுபோனார்களோ அதை மட்டுமே எடுத்துச் செல்வது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. நெருப்புக்குச் சிக்கிமுக்கிக் கல்லும் எஃகுத் துண்டும்தான். பொறியை ஏந்திக்கொள்ளக் கரித்துணி வேண்டும். பருத்தித் துணியைப் பித்தளைச் சம்புடத்தில் அடைத்து அடுப்பிலிட்டால் அது காற்றுப் படாமல் கரியாகும். அதில் விழுந்த பொறி அணையாமல் ஊர்ந்து பரவும்.

இவ்வாண்டு அந்தப் பொறுப்பு சௌடம்மாளிடம் வந்தது. தன் தறியில் நெய்த துண்டிலிருந்தே துணி நறுக்கி, புறப்படும் நாள் விடியலில் பந்தல்குடியில் வைத்துக் கரியாக்கினாள். அதே பாவு நூலில் நெய்த துண்டுகள்தாம் மற்ற எழுவர் தோளிலும் கிடந்தன. சுத்தப் பருத்தி என்று வாக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளே. சூடு ஆறுமுன் திறந்தால் துணி சாம்பலாகிவிடும், ஆறியபின் திறந்தால் ஈரம் பட்டுவிடும் என்பதால், ஆறிய சம்புடத்தை மூடியபடியே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் நாள் மாலை ஒரு கண்மாய்க் கரைக் கோயிலருகே தங்கினார்கள். பொழுது பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. குழுவின் தலைவன், மல்லாங்கிணற்று விவசாயி நாகராஜ், ஆபத்துக்கென்று துணியில் முடிந்து வைத்திருந்த தீப்பெட்டியைத் தொட்டுக் காட்டினான்.

“பொழுது அடையுறதுக்குள்ள பத்தலைன்னா இதை எடுத்துருவேன்க்கா. ஆளுக பசியோட கெடக்க முடியாது.”

சௌடம்மாள் சம்புடத்தைத் திறந்தாள். பூப்போன்ற கரித்துணி இருக்க வேண்டிய இடத்தில், பானை அடியில் பிடித்த காந்தலைப் போலக் கெட்டியாக ஏதோ ஒட்டிக்கிடந்தது. கல்லைத் தட்டினாள். பொறிகள் விழுந்தன, விழுந்தவுடன் செத்தன. இருபது முறை தட்டியும் அப்படித்தான்.

கூட நடந்து வந்த பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, துணியைச் சுடச் சொன்னா காராச்சேவு போட்டு வச்சிருக்கீக.”

எல்லோரும் சிரித்தார்கள். சௌடம்மாள் அந்தக் கெட்டியில் ஒரு சில்லை ஒடித்துப் பார்த்தாள், சடக்கென்று முறிந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. பாலியஸ்டர் கலந்த நூல். நூற்கண்டின் உறையில் பருத்தி என்றே அச்சிட்டிருந்தது. ஓர் இழையைக் கொளுத்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் தறி இருக்கும் வீட்டில் நூலைப் பொசுக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். விரல் போதும் என்று அவளும் நம்பியிருந்தாள்.

ஈரம் பட்டுவிட்டது என்று சொன்னால் போதும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“கல்லு மேல குத்தமில்ல தம்பி,” என்றாள். “துணி கலப்பு. ஒங்க தோள்ல கெடக்கறதும் அதேதான். சுத்தப் பருத்தின்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

சிரிப்பு நின்றது. ஒருவர் தம் துண்டின் ஓரத்தைத் திருகிப் பார்த்தார். நாகராஜின் கை தீப்பெட்டிக்காகப் பைக்குள் போயிற்று.

முகத்தைத் திருப்பிய சௌடம்மாளின் கண் கோயில் படியில் நின்றது. சிவராத்திரிக்கு ஏற்றிய அகல்விளக்குகள் வரிசையாக இருந்தன. எண்ணெய் வெயிலில் வற்றியிருந்தது. திரிகளின் நுனி மட்டும் கரேலென்று எஞ்சியிருந்தது. திரியாக நின்று எண்ணெய் தீரும்வரை எரிந்தது பருத்தியாகத்தானே இருக்க முடியும்? இவையும் கரித்துணிதானே?

சாமியிடம், தன் வீட்டில் பேசும் கன்னடத்தில் உத்தரவு கேட்டுக்கொண்டு, இருப்பதிலேயே காய்ந்த திரியை எடுத்தாள். அதன் கரிய நுனியைக் கல்லின் விளிம்போடு பெருவிரலால் அழுத்திப் பிடித்துத் தட்டினாள். நான்காம் தட்டில் கடுகளவு சிவப்பு ஒன்று நுனியில் உட்கார்ந்தது. அது அணையவில்லை. காய்ந்த புல்லுக்குள் பொதிந்து மெல்ல ஊதினாள். முதலில் புகை வந்தது, பிறகு சுடர்.

அடுப்பு மூட்டுமுன், கோயில் மாடத்தில் கிடந்த பஞ்சைத் திரித்து, திரி எடுத்த அகலில் புதுத்திரி இட்டாள். சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றியவன் நாகராஜ். தீப்பெட்டி முடிச்சு அவிழாமலே பைக்குள் கிடந்தது.

கம்பங்கஞ்சி குடிக்கும்போது அவன் சொன்னான்: “ஊருக்குப் போயி வேற நூல் எடுத்து, எட்டுப் பேருக்கும் துண்டு நெய்ஞ்சு குடுங்கக்கா.”

“தாரேன். ஒரு இழையைக் கொளுத்திப் பாத்துட்டு அப்புறம் கையில வாங்குங்க.”

“அது ஒங்க வீட்டுல ஆகாதுன்னு சொல்வீகளேக்கா,” என்றாள் பாண்டீஸ்வரி.

சௌடம்மாள் சம்புடத்தைச் சுரண்டிக் கவிழ்த்தாள். மறுநாள் காலை அடுப்புக்காக இரண்டு கரிந்த திரிகளை அதற்குள் வைத்து மூடினாள்.

“தறி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.”