அம்மா இருக்கிற கதை

"உங்க கடையில ஒரு அம்மாகூடவா உயிரோட இல்ல?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போல. அகராதி புரட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு, படித்தால் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு நாவல் என்றுதான் கேட்டிருந்தேன். ஆசையாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். படகில் ஊர் சுற்றும் அண்ணன் தம்பி: அம்மா முதல் அத்தியாயத்துப் புயலில் போய்விடுகிறாள். விடுதியில் திருட்டுத்தனமாகத் தபால் ஆபீஸ் நடத்தும் பிள்ளைகள்: ஒருத்திக்கும் அம்மா இல்லை. லாண்டரி நடத்தும் ஒரு அப்பா, அவருடைய வாயாடிப் பெண்.

"இதப் படிச்சா வயிறு வலிக்கச் சிரிப்பாங்க மேடம்."

"அம்மா?"

"கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே..." என்று இழுத்தார். "அம்மா இருந்தா மழையில போகாத, சாப்பிட வான்னு கூப்பிடுவாங்க. பிள்ளை எப்படி வாசலைத் தாண்டும்? அதான் எழுதறவங்க அவங்கள முதல்லயே அனுப்பி வெச்சுடறாங்க."

"எங்க அனுப்பறாங்க?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து தோட்டம் போடும் சிறுமியின் கதை ஒன்றை இறக்கினார். பக்கத்துக்குப் பக்கம் அம்மா பால் ஆற்றிக் கொடுத்தாள். அது போதும் என்று வாங்கிக்கொண்டேன். லாண்டரிக் கதையை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அக்காவை வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், வாலுக்கும் தெரியும். அக்கா மகளுக்கு நாங்கள் வைத்த பேர் வாலு. இப்போது அந்தப் பேருக்கே வெட்கமாக இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. அக்காவின் கை ஓய்ந்த நாளிலிருந்து தலையில் யாரையும் சீப்பு வைக்க விடவில்லை. முடியை ரப்பர் பேண்டில் சுருட்டி வைத்துக்கொண்டு, போர்வை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அவ என் மூச்சை எண்ணிட்டு இருக்காடி," என்று அக்கா சொன்னதால்தான் நான் கடைக்கே போனேன். "ஒரு தடவ சிரிச்சான்னா கேட்டுட்டுப் போயிடுவேன்."

தோட்டக் கதையை வாலு மரியாதைக்குக் கொஞ்சம் படித்தாள். பிறகு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன்டா, நல்லா இல்லையா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமே நடக்கல அம்மா." கண்கள் மறுபடி போர்வைக்குப் போய்விட்டன.

அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கடைக்காரர் முதல்ல இதையா கொடுத்தார்?"

அக்காவிடம் பொய் எடுபடாது. அவளும் சொல்லமாட்டாள். என் கல்யாணப் புடவையைப் பார்த்து 'சுமாரா இருக்கு' என்று மேடையிலேயே சொன்னவள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தியா? போய் அந்த லாண்டரிய வாங்கிட்டு வா."

"அத நானா அவ கையில குடுக்கணும்? என்னால முடியாதுக்கா."

"நான் போனப்புறம் எப்படியும் அவ கையில கிடைக்கும். அப்ப சிரிப்பு வந்தாக்கூட அடக்கிப்பா. நான் இருக்கறப்பவே சிரிக்கட்டும். சிரிச்சா தப்பில்லன்னு என் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்." இவ்வளவு பேசியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. "சீக்கிரம் போடி."

ஓடினேன். செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த ஊரில் அத்தனை பேருக்கும் அம்மா இருக்கிறாள், எங்கள் வாலுக்கு மட்டும் ஏன் இப்படி என்று எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்து லாண்டரிக் கதையைக் கேட்டேன்.

"மேடம், அதுல அம்மா..."

"தெரியும். குடுங்க சார்."

வாலு முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "அம்மா, இந்தப் பொண்ணுக்கு..."

"சித்தி சொன்னா. நீ மேல படி."

படித்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் பக்கம் திருப்பும் சத்தம் மட்டும்தான். திடீரென்று 'களுக்' என்றது. வாலு வாயைப் பொத்திக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவள் போல அக்காவைப் பார்த்தாள்.

"எனக்குச் சொல்லாம நீ மட்டும் சிரிக்கறியா?" என்றாள் அக்கா. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வாலு சத்தமாகப் படித்தாள். லாண்டரிக்காரருக்குத் தலை பின்னத் தெரியாது. மகள் தலையில் துணிக்கொடி கிளிப்புகளை வரிசையாக மாட்டி அனுப்புகிறார். மறுவாரம் வகுப்பே கிளிப்போடு வந்து நிற்கிறது. படிக்க முடியாமல் வாலு சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்புறம் அவள் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமாவை ஈரக் கையோடு இழுத்து வந்தாள். "அப்பா, எனக்குப் பின்னி விடுங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். "பின்னுங்க," என்றாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து பின்னினார். வகிடு ஒரு பக்கம் போயிற்று, பின்னல் ஒரு பக்கம் போயிற்று. பாதியில் அக்காவின் கை பழக்கத்தில் மேலே எழும்பியது. அதை அவளே இறக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாலு பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு திரும்பினாள். "அம்மா, எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குடா," என்றாள் அக்கா. அவள் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.