சிவந்த படலம்

கஜந்தினி சோதனைக் குழாயிலிருந்து கழற்றிய உருக்குத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சென்ட் லோரன்ட் ஆய்வுகூடத்தில் அன்று அவளைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அணு உலையின் சூட்டை வெளியே கொண்டுவருவது தண்ணீர்தான். கொதிக்க விடாத அழுத்தத்தில், முந்நூறு பாகை வெப்பத்தில் அது குழாய்களுக்குள் பாயும். பாய்கிற வேகத்தில் குழாயின் வளைவுகள் உள்ளுக்குள் கரைந்து மெலியும். அதைக் குறைக்க, அமிலத்துக்கு எதிரான காரப்பொருளைத் தண்ணீரில் கொஞ்சம் சேர்ப்பார்கள். கஜந்தினி ஒரு புதிய கார அளவைக் கண்டுபிடித்து, கதிர்வீச்சு இல்லாத சோதனைக் குழாய்களில் அதே சூட்டில் ஓடவிட்டிருந்தாள். கரைவு பாதியாகக் குறைந்திருந்தது. முடிவுக்காகக் காத்திருந்த மின்நிலையம் பழைய குழாய்களை மாற்றாமலே இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

"டிலான் அண்ணை, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

சோதனைக் குழாய்களைப் பூட்டி இயக்கும் பொறியியலாளர் டிலான் வந்து குனிந்து பார்த்தார்.

"இதில படிஞ்ச படலம் முழுக்கக் கறுப்பாயெல்லோ இருக்கவேணும்? ஓரத்தில சிவப்பு நிக்குது."

"கழட்டேக்க காத்துப் பட்டிருக்கும்."

"அப்பிடியெண்டால் மேலால தூசு மாதிரித்தான் வரும். இது படலத்தோடயே சேர்ந்து நிக்குது. உள்ள ஒட்சிசன் வந்திருக்கு."

"ஒட்சிசன் மீற்றர் பூச்சியம் காட்டுதே!"

"மீற்றர் குழாயின்ர கடைசியில நிக்குது அண்ணை. வாற ஒட்சிசனை இரும்பு பிடிச்சு முடிச்சாப் பிறகு மிஞ்சிறதைத்தான் அது பாக்கும்."

டிலானுக்கு விளங்கியது. கொஞ்சம் ஒட்சிசன் இருந்தால் இந்த உருக்கில் இறுக்கமான சிவப்புப் படலம் கட்டும், கரைவு குறையும். ஆனால் உண்மையான உலைக்குள் ஒட்சிசனை விட முடியாது. உலோகத்தில் வெடிப்பு விழும். குழாயைக் காத்தது கஜந்தினியின் காரமா, புகுந்த காற்றா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இருவரும் மூட்டு மூட்டாகத் தேடினார்கள். தண்ணீரை உறிஞ்சும் பம்பின் வாயில், றப்பர் வளையம் ஓரிடத்தில் பிளந்திருந்தது.

"நாளைக்கு மின்நிலையக்காரரோட கூட்டம்" என்றார் டிலான். "திருப்பி ஓடவிட்டுப் பாத்திட்டுப் பேந்து சொல்லுவமே?"

"அதுக்குள்ள அவை குழாயை மாத்துற வேலையை நிப்பாட்டிப் போடுவினம். நாளைக்கே சொல்லுறன்."

கூட்டத்தில் அவள் துண்டை மேசையில் வைத்து, நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னாள். மின்நிலையத்திலிருந்து வந்த பெண், "அப்படியானால் உங்கள் முறை பிழையா?" என்று கேட்டாள்.

"தெரியாது. இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை."

ஆய்வுகூட மேலாளர் தலையைக் குனித்துக்கொண்டார். வந்தவள் மட்டும் துண்டைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

அன்று பின்னேரம் டிலான் தன் மனைவி கௌசலாவிடம் சொன்னார்: "தன்ர கையில கிடைச்ச வெற்றியைத் தானே போட்டு உடைச்சாளப்பா. நானெண்டால் அந்தச் சிவப்பைக் கண்டிருக்கவும் மாட்டன்."

பிளந்த வளையத்தை மாற்றி, பம்புக்கு அடுத்ததாக இன்னொரு மீற்றர் பூட்டி, பனிக்காலம் முழுதும் சோதனையைத் திருப்பி ஓட்டினார்கள். இந்தமுறை துண்டுகள் முழுக்கக் கறுப்பாக வந்தன. கரைவு குறைந்திருந்தது, ஆனால் மிகச் சிறிதளவே. முடிவு வந்த அன்று மத்தியானம் கஜந்தினி சாப்பிடாமல் ஜன்னலோரம் நின்றாள்.

மின்நிலையம் பழைய குழாய்களை மாற்ற முடிவெடுத்தது. புதிய குழாய்களில் ஓடப்போகும் தண்ணீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்ற விதிகளைக் கஜந்தினியே வகுக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.