இரண்டு வருடத்தில் ஊசி நிற்கும்

எங்கள் கடற்கரை ஊரான கண்டக்குழியில் வின்சன்ட் மாமாவைத் தெரியாத ஆள் இல்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்த ஆளும் இல்லை. அம்மாவின் தமையன் அவர். படித்துப் படித்துக் கனடா வரை போனவர். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முளையத்திலிருந்து எடுத்த மூலக்கலங்களை, அதாவது ஸ்டெம் செல்களை, வைத்து ஆராய்ச்சி. கரு உண்டான முதல் சில நாட்களில் இருக்கும் கலம் அது. கண்ணாகலாம், எலும்பாகலாம், எதுவாகவும் ஆகலாம். அதைக் கெஞ்சிக் கொஞ்சி இன்சுலின் சுரக்கும் கலமாக மட்டும் மாற வைப்பதற்குத்தான் மாமா தன் வயதையெல்லாம் கொடுத்தார். ஊருக்கு அம்மா, “அண்ணன் சீனி வருத்தத்துக்கு மருந்து செய்யிறார்” என்று மட்டும் சொல்வார். முளையம் என்ற சொல்லை, கருவில் கை வைப்பது பாவம் என்கிற மாதா கோயில் பக்கம் அவர் கொண்டுபோனதே இல்லை.

போர் முடிந்த வருடம் எனக்கு அந்தச் சீனி வருத்தம் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. சாகும்வரை ஊசி என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நத்தார்ப் பண்டிகைக்கு மாமா ஊருக்கு வந்தபோது கோயில் மண்டபத்தில் மாலை போட்டு அவரைப் பேசச் சொன்னார்கள். “பத்து வருசத்தில என்ர மருமகள் அனுஷ்காவுக்கு ஊசி தேவைப்படாது” என்றார். சனம் கை தட்டியது. விவரம் தெரியாமல் நானும் தட்டினேன்.

பத்து வருடம் போய் அதற்கு மேலும் போனது. நான் வயிற்றில் குத்திக்கொண்டே படித்தேன், முன்பள்ளி ரீச்சரானேன், நிரோஷனையும் பிடித்தேன். அவர் பக்கத்து ஊரான தலவில ஆள். வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதியொன்றில் படகு ஓட்டுகிறார். ஒருநாள் பஸ்ஸில் எனக்குச் சீனி இறங்கிக் கண் இருட்டியபோது, பஸ்ஸை மறித்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடிச் சோடாவோடு வந்தவர். அன்றிலிருந்து அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ரொபி மிட்டாய் இருக்கும். கலியாணம் கேட்டபோது ஊசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டி, “இதோடதான் வருவன்” என்றேன். “வாவன்” என்றார்.

இரண்டு ஞாயிறு கோயிலில் எங்கள் கலியாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கும் யாரும் தடை சொல்லாவிட்டால் கலியாணம்தான். அதற்குள் யாரோ நிரோஷனின் தாய் எமிலியா மாமியின் காதில் போட்டுவிட்டார்கள், ஊசி போடுகிற பெட்டைக்குப் பிள்ளை தங்காது என்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணத்துக்கென்று மாமாவும் வந்து நின்ற நேரம்.

மாமி தேத்தண்ணீரைத் தொடவில்லை. “நீங்க படிச்ச ஆள். உங்கட வாயால சொல்லுங்க. இந்தப் பிள்ளைக்கு ஊசி எப்ப நிக்கும்?” என்று மாமாவைக் கேட்டார்.

நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்றேன். திருத்தக் கொடுத்த எஞ்சின் எப்போது கிடைக்கும் என்று கேட்பது போல இருந்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. நிரோஷன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவரும் மாமாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் உயிரே இல்லை.

“ரெண்டு வருசம்” என்றார் மாமா. “ரெண்டு வருசத்தில ஊசி நிண்டிரும்.”

மாமி ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். போகும்போது என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் மாமா பின்வளவில் போய்க் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நானும் போனேன்.

“மெய்தானா, மாமா?”

“இல்ல.”

அவருடைய ஆய்வுகூடத்தைப் போன வருடமே மூடிவிட்டார்களாம். தட்டில் வளர்க்கும்போது கலங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு இன்சுலின் சுரந்தனவாம். எலிக்குள் வைத்ததும் சில கலங்கள் படித்ததை மறந்துவிட்டன, சில கட்டியாக வீங்கின. வேறு ஆட்கள் முந்திவிட்டார்கள். சிலபேருக்கு வைத்து ஊசியை நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் உடம்பு அதைத் தள்ளாமலிருக்க வேறு மருந்து தின்ன வேண்டும். இந்தக் கரைக்கு அது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

“அதில என்ர பேர் ஒரு மூலையிலயும் இல்ல, பிள்ள. இப்ப முதலாம் வருசப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். உங்கட அம்மாட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது.”

“அப்ப கோயில் மண்டபத்தில சொன்னது?”

“அது நம்பிச் சொன்னது. இண்டைக்குத்தான் தெரிஞ்சே சொன்னன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அவர் ஊசியோட இருக்கிற என்னைத்தான் கேட்டவர், மாமா. நீங்க ஊசி இல்லாத ஒருத்தியத் தாறன் எண்டு சொல்லிப்போட்டீங்க. அவளுக்கு நான் எங்க போறது?”

அடுத்தநாள் காலையில் மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “ஓட்டோவக் கூப்பிடு, தலவிலைக்குப் போவம்” என்றார்.

எமிலியா மாமி கதிரையைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. “நேத்து நான் சொன்னது பொய். ஊசி நிக்காது. என்ர ஆராய்ச்சி சரிவரேல்ல” என்றார். எத்தனை நாட்டு மேடையில் பேசிய மனிதர், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை அப்படி நிற்க வைத்ததற்காக என் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த நேரத்தில் அவர் மேல் வந்த பாசம், மாலை போட்ட அன்றுகூட வந்ததில்லை.

“அப்ப பிள்ளை தங்காதோ?” என்று கேட்டார் மாமி.

“சீனியக் கவனமாப் பாத்தா தங்கும். டொக்டர்மாரிட்டயும் கேளுங்க. என்ர கதைய மட்டும் நம்ப வேணாம்.”

மாமி மகன் பக்கம் திரும்பி, “கட்டப்போறவன் சொல்லட்டும்” என்றார்.

“நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்” என்றார் நிரோஷன். யோசிக்கவே இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

மாமா ஓட்டோவில் ஏறிவிட்டார். நிரோஷன் படலை வரை என்னோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நேத்து வீட்ட வரும்வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கேல்ல” என்றார். “ஊசி இல்லாம நீ எப்பிடி இருப்பாய் எண்டே யோசிச்சுக்கொண்டு வந்தன். ஊசி எனக்கு ஒரு பொருட்டில்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன், அனுஷ்கா. அவ்வளவு சந்தோசப்பட்டதை நினைக்க வெக்கமாக் கிடக்கு.”

மாமா பொய் சொல்கிறார் என்று அந்தத் திரைக்குப் பின்னால் நின்றபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை வயிற்றுக்குப் போனது. ஊசித் தழும்புகளைத் தடவி, இனி உங்களுக்கு விடுதலை என்று மனசுக்குள் சொன்னேன்.

“எனக்கும்தான்” என்றேன்.