முதலாளி சூடு மிதித்த நாலு நிமிடம்

கோடம்பாக்கத்தில் ஏழு வருடம் உதவி டைரக்டராக இருந்த பரமலிங்கம் அங்கே கற்றுத் தேறியது ஒரே ஒரு கலை: டைரக்டரின் தலையில் வெயில் படாமல் குடை பிடிப்பது. 1963இல் இலங்கையில் தன் ஊரான வட்டக்கச்சிக்குத் திரும்பியவனுக்குச் சொந்தமாக ஒரு படம் வாய்த்தது. காசு போட்டவர் கிளிநொச்சி அரிசி ஆலை முதலாளி சிற்றம்பலம். கதாநாயகனும் அவரே. இருபத்திரண்டு வயது ஏழை உழவனாக நடிப்பதற்காக, ஐம்பத்துமூன்று வயது மொட்டைத் தலையில் சுருள்முடி டோப்பா ஒன்றைக் கவிழ்த்திருந்தார்.

கடைசிக் காட்சிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். நாலு நிமிடம் ஓடும்.

"இண்டைக்குச் சரிவரேல்லையெண்டால் கொழும்பிலையிருந்து வேறை டைரக்டரைக் கூப்பிடுவன். உம்மடை பேரும் படத்திலை வராது," என்றார் சிற்றம்பலம், கண்ணாடியில் டோப்பாவைத் தட்டிக்கொண்டே.

களத்தில் பரப்பிய நெற்சூட்டை மிதித்து மணி உதிர்க்கும் எருமைகளின் கயிற்றைப் பிடித்தபடி உழவன் நிலமகளிடம் மூன்று பக்க வசனம் பேசவேண்டும். வசனமும் முதலாளியுடையதே.

களத்துச் சொந்தக்காரர் ஐயாத்துரை முதலில் எல்லாருடைய சப்பாத்தையும் கழற்றவைத்தார்.

"இன்னொண்டு, தம்பி. களத்துக்கை 'காணும்', 'போதும்', 'முடிஞ்சுது', 'நிப்பாட்டு' எண்டு ஆரும் சொல்லப்படாது. விளைச்சல் நிண்டுபோம். 'பொலி, பொலி' எண்டு மட்டும் சொல்லுங்கோ, நெல்லுப் பெருகும்."

"நான் 'கட்' எண்டு சொல்லவேணுமே, அண்ணை?"

"அதெண்டால் என்ன?"

"நிப்பாட்டச் சொல்லுறது."

"அப்ப வாயே திறக்காதேங்கோ."

பரமலிங்கம் முகம் துடைக்கும் தன் வெள்ளை லேஞ்சியைத் தூக்கினால் எல்லாம் நிற்கும் என்று முடிவாயிற்று.

கமரா ஓடியது. "ஏ, நிலமகளே!" என்று சிற்றம்பலம் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எருமைகளுக்கு வசனத்தில் ருசியில்லை, நடந்தன. கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் முதலாளியும் நடந்தார், பிறகு ஓடினார். இரண்டாம் சுற்றில் டோப்பா குளம்புகளின் கீழே போயிற்று.

"நிப்பா..." என்று வாயெடுத்தார்.

"பொலி! பொலி!" என்று ஐயாத்துரையும் களத்தில் நின்ற இருபது பேரும் அதை அமுக்கினார்கள். எருமைகளுக்கு உற்சாகம் பிறந்தது.

"லேஞ்சியைத் தூக்கன், மச்சான்! பிலிம் போகுது!" என்றான் கமராக்காரன் கதிர்காமநாதன்.

மொட்டைத் தலையில் வியர்வை வழிய, தொந்தியெல்லாம் பதர் ஒட்ட, ஒரு மனிதர் எருமைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு நடிக்க நேரமில்லை. பரமலிங்கம் லேஞ்சியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"ஓடவிடு."

நாலாம் சுற்றில் முதலாளி காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தார். எருமைகள் அடங்கின. "பொலி! பொலி!" என்று அவரே கத்தினார். சுருள் தீர்ந்து கமரா தானாக நின்றது.

வேறு சுருள் இல்லாததால் அதுவே படத்தில் போயிற்று. கிளிநொச்சியில் திரையிட்ட அன்று முதலாளியின் பெயர் ஐந்து தடவை வந்தது. பரமலிங்கத்தின் பெயர் எறும்பளவில் ஒரு தடவை. அந்தக் காட்சியில் வயல்வேலை செய்யும் கமக்காரர் கதிரையை விட்டு எழும்பி "பொலி! பொலி!" என்று கூரையைக் கிளப்பினார்கள்.

"இதை எடுத்தவன்ரை பேர் என்ன? நான் கவனிக்கேல்லை!" என்று ஐயாத்துரை சத்தம் போட்டார். பாதிப் பேர் அடுத்த காட்சிக்கும் ரிக்கற் எடுத்தார்கள். அதில் எறும்பளவுப் பெயர் வந்தபோது விசிலடி அடங்க நேரமெடுத்தது.

"டோப்பா விழவேணுமெண்டது என்ரை யோசனைதான்," என்றார் சிற்றம்பலம், சுற்றி நின்றவர்களிடம்.

"ஓம், ஐயா," என்றான் பரமலிங்கம். "அடுத்த படத்துக்கு டோப்பாவே வேண்டாம். வசனம் நான் எழுதுறன். பேரைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒப்பந்தம் எழுதப் பேனையைத் தேடினார்.